றொட்வைலரும் ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானமும் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஊரில் இரண்டு கிழமைக்கு முன் ஒரு வீட்டு றொட்வைலர் படலையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ரியூசன் முடிந்து சைக்கிளில் போன மாணவி ஒருவரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. பதினொரு தையல். இப்போது கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது: பிற்புல், றொட்வைலர், டோபர்மன், அல்சேஷன் ஆகிய இனங்களை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு கூட்டம்.

என் வீட்டிலும் நான்கு மாத றொட்வைலர் குட்டி ஒன்று, ஆண், நிற்கிறது. கனடாவில் இருக்கும் மச்சான் காசு அனுப்பிக் கொழும்பில் வாங்கித் தந்தது. வீட்டில் வயதான அம்மா, மனைவி, ஐந்து வயது மகள். நான் விடிய வயலுக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவேன். அதுவரை குட்டி படலைக்குப் பக்கத்து மாமரத்தில் சங்கிலியில் நிற்கும். இணையத்தில் பார்த்தால் ஒரு பகுதியினர் ‘கொலைகார இனம்’ என்கிறார்கள். மற்றப் பகுதியினர் ‘நாயில் பிழையில்லை, வளர்ப்பில்தான் பிழை’ என்கிறார்கள். எது சரி? கூட்டத்தில் என்ன சொல்வது? குட்டியைக் கொடுத்துவிடவா?

ஒரு வாசகர்,
விசுவமடு

அன்பின் நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கு முதல் அந்தப் பிள்ளையின் கால். கடிதத்தில் தையல் இருக்கிறது, ஊசியைக் காணோம். கடித்த நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி அட்டை இருந்ததா, பிள்ளைக்கு ஏ.ஆர்.வி., அதாவது மனிதருக்குப் போடும் விசர்நாய்த் தடுப்பூசி, போட்டார்களா என்று விசாரியுங்கள். நாயின் ஊசி விபரம் தெரியாமல், தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியென்றால் தடுப்பூசியோடு சீரமும், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த மருந்தும், தேவைப்படும். சீரத்தைக் காயத்துக்குள்ளேயே ஏற்றுவார்கள். நாய்க்கடிக் காயத்தைப் பொதுவாக உடனே இறுக்கித் தைப்பதில்லை. தைத்தே ஆகவேண்டிய ஆழமென்றால் சீரம் ஏற்றிய பிறகு தளர்வாகத் தைப்பார்கள்.

கடித்த நாயை 14 நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடித்த அன்று அதன் வீணீரில் விசர்க் கிருமி இருந்திருந்தால், அந்த நாட்களுக்குள் நாய் நோய்ப்பட்டுச் செத்துவிடும். இரண்டு கிழமை போயும் அது வழமைபோலத் தின்று குரைத்துக்கொண்டு நின்றால் அந்தப் பயம் தீர்ந்தது. இடையில் ஆரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள், அல்லது நாயைக் காணவில்லை என்றால், பிள்ளை இன்றைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குப் போகட்டும். நாள் பிந்திவிட்டது, இனிப் பயனில்லை என்று வீட்டில் இருக்கக் கூடாது. நோய்க்குறி தொடங்கும்வரை ஊசிக்கு நேரம் உண்டு, தொடங்கிவிட்டால் மருந்து இல்லை.

1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் செத்தார்கள். இப்போது ஆண்டுக்கு 20, 30 பேர் அளவில் நிற்கிறது. குறைந்ததற்குப் பெரும் காரணம் நாய்களுக்கு ஊசி போட்டது. உங்கள் சங்கத்தின் தீர்மானத்தில் நான்கு இனப் பெயர்கள் இருக்கின்றன, ஊசி என்ற சொல் இல்லை. ஊசி போடாத ஒரு ஊர் நாய்க்குட்டி கையில் கீறினாலும் உயிர் போகலாம் என்பதை மறந்துவிட்டு எழுதிய தீர்மானம் அது.

இனி இனத்துக்கு வருவோம். நீங்கள் இணையத்தில் பார்த்த இரண்டு பேச்சும் பாதிப் பேச்சு.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1991இல் கடித்த நாய்களையும், அதே சுற்றாடலில் கடிக்காத நாய்களையும் ஒன்றுக்கொன்று வைத்து ஒப்பிட்டார்கள். ஆண் நாயாக இருப்பது கடிக்கும் வாய்ப்பை ஏறத்தாழ ஆறு மடங்கு கூட்டியது. நலமடிக்காதது, அதாவது குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை செய்யாதது, இரண்டரை மடங்குக்கு மேல். வளவில் சங்கிலியில் கட்டி வைப்பது 2.8 மடங்கு. இனங்களில் எடுப்பாகத் தெரிந்தவை இரண்டு: ஜேர்மன் ஷெப்பர்ட், அதாவது எங்கள் ஆட்கள் அல்சேஷன் என்பது, மற்றது சௌசௌ. பிற்புல் அந்தப் பட்டியலில் முன்னுக்கு வரவில்லை. ‘பார்த்தீர்களா, பிற்புல் கடிக்காது’ என்று இதைக் காட்டுபவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். டென்வரில் 1989இலேயே பிற்புல்லைத் தடைசெய்துவிட்டார்கள். இல்லாத நாய் எப்படிக் கடிக்கும்?

இன்னொரு கணக்கு மரணங்களைப் பற்றியது. 1979 முதல் 1998 வரை அமெரிக்காவில் நாய் கடித்து இறந்த 238 பேரின் விபரங்களில், குறைந்தது 25 இனங்கள் வந்தன. பாதிக்கு மேற்பட்ட மரணங்களில் பிற்புல் வகையும் றொட்வைலரும் சம்பந்தப்பட்டிருந்தன. அந்தக் கணக்கை எடுத்தவர்களே இனத்தை வைத்துச் சட்டம் போடுவதற்கு இது போதாது என்று எழுதினார்கள். ஒவ்வொரு இனத்திலும் எத்தனை நாய்கள் நாட்டில் இருந்தன என்று தெரியாமல் எது ஆபத்துக் கூடியது என்று வகுத்துப் பார்க்க முடியாது. ஒரு காலத்தில் எந்தப் பெரிய நாய் வாங்குவது மோஸ்தராக இருக்கிறதோ, அந்தக் காலத்துக் கணக்கில் அந்த நாய் மேலே வரும்.

2022இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரரிடம் கேள்வி கேட்டு, இரண்டாயிரத்துச் சொச்ச நாய்களின் மரபணுவையும் வாசித்தது. ஒரு தனி நாய்க்கும் இன்னொரு தனி நாய்க்கும் குணத்தில் உள்ள வித்தியாசத்தில் சுமார் 9 வீதத்தைத்தான் இனம் விளக்கியது. மந்தை சாய்ப்பது, எறிந்ததை எடுத்து வருவது போன்ற வேலைக் குணங்களில் இனத்தின் பங்கு கூட. எதற்குச் சினக்கும், எவ்வளவு கெதியாகச் சினக்கும் என்பதில் மிகக் குறைவு.

இவற்றைச் சேர்த்து வாசித்தால் நான் எடுக்கும் முடிவு இதுதான். ஒரு நாய் கடிக்குமா என்பதை அதன் இனப் பெயரிலிருந்து நீங்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை. கடித்தால் என்ன நடக்கும் என்பதை ஓரளவு சொல்லலாம். ஊர் நாய் ஒன்று 12, 15 கிலோ. அது பெரும்பாலும் ஒரு தடவை பதம் பார்த்துவிட்டுப் பின்வாங்கும். வளர்ந்த ஆண் றொட்வைலர் 50 கிலோ, தோள் உயரம் 61 முதல் 68 சென்ரிமீற்றர். உங்கள் மகள் 17, 18 கிலோ இருப்பாள். இந்த நான்கு மாதக் குட்டியைத் தராசில் ஏற்றினால் இப்போதே அவளுடைய நிறை இருக்கும். இன்னும் ஒன்றரை வருடத்தில் அது உங்கள் மனைவியின் நிறைக்குக் கிட்ட வந்துவிடும், மகளோ அரைவாசி தூரம்கூட வளர்ந்திருக்க மாட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கடி விழும் இடம் பெரும்பாலும் முகம், தலை, கழுத்து. கடிக்கும் நாயும் பெரும்பாலும் வீட்டு நாய், அல்லது தெரிந்தவர் வீட்டு நாய். ஆகவே ‘வளர்ப்பில்தான் எல்லாம்’ என்று சொல்லி இனத்தை முழுக்கக் கழித்துவிடவும் மாட்டேன். பொமரேனியன் வளர்ப்பில் பிழைவிட்டால் கையில் பிளாஸ்ரர் ஒட்டுவீர்கள். றொட்வைலரில் அதே பிழையை விட இடமில்லை.

பிற்புல் பற்றி ஒரு இடைக்குறிப்பு, கூட்டத்தில் நிச்சயம் வரும் என்பதால். இங்கிலாந்தில் மாட்டோடு நாயை மோதவிடும் விளையாட்டை 1835இல் சட்டம் தடுத்தது. பிறகு நாயையும் நாயையும் மோதவிட்டார்கள். அதற்காகப் புல்டோக்கையும் ரெரியரையும் கலந்து எடுத்த வழிதான் பிற்புல். மற்ற நாயைக் கண்டால் விடாமல் நிற்கும் குணத்தை அந்த வழியில் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மெய். அதன் தாடை பூட்டிக்கொள்ளும், திறக்கவே முடியாது என்பது பொய். அப்படி ஒரு மூட்டு எந்த நாயின் எலும்பிலும் இல்லை. பிடித்ததை விடாமல் உலுப்பும் பழக்கம்தான் பூட்டுப் போலத் தெரிகிறது. அப்படிப் பிடித்தால் காலையோ கையையோ இழுக்காதீர்கள், இழுத்தால் சதை கிழியும். தடியால் அடித்தாலும் பிடி இறுகும். நாயின் பின்பக்கமாக நின்று, கழுத்துப் பட்டியை இரண்டு காதுகளுக்கும் பின்னால் மேலே உயர்த்தி முறுக்கி, மூச்சு முட்டும்வரை பிடித்திருக்க வேண்டும். வாய் திறந்தவுடன் விட்டுவிடாமல் அப்படியே பின்னோக்கி இழுத்துக் கட்டவேண்டும். பெரிய நாய் வைத்திருக்கும் வீட்டில் பட்டி ஏன் எந்த நேரமும் கழுத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனி அந்த மாணவிக்கு நடந்ததைப் பார்ப்போம். நாயைப் பார்க்காமலே கடியின் வரலாற்றை ஊகிக்கலாம், ஏனென்றால் வன்னியில் பெரிய நாய்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வளர்கின்றன. பகல் முழுக்கப் படலைக்குப் பக்கத்து மரத்தில் ஆறடிச் சங்கிலி. இரவில் அவிழ்த்து விடுவது. சங்கிலியில் நிற்கும் நாய்க்கு ஓட வழியில்லை. பயந்தாலும் விலக முடியாது, எதுவானாலும் எதிர்த்தே ஆகவேண்டும். றோட்டால் ஒரு சைக்கிள் வருகிறது. நாய் எகிறிக் குரைக்கிறது. சைக்கிள் போய்விடுகிறது. சைக்கிள் தன் வழியே போனது, நாய்க்கோ தான் துரத்தியதால் போனது. ஒரு நாளைக்கு ஐம்பது சைக்கிள், மோட்டார் சைக்கிள், பால் எடுக்க வருபவர், மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர். ஒரு வருடம் இதைப் பழகிய நாயை ஒரு நாள் அவிழ்த்துவிட்ட நேரத்தில், படலைக் கொளுக்கி போடாமல் விடப்படுகிறது. சைக்கிள் மிதிக்கும் கால் மேலும் கீழும் போய்வருகிறது, அதன் வாய் உயரத்தில். கெண்டைக்கால்தான் கடிபடும்.

மரத்தில் நிற்பது அல்சேஷனாக இருந்தாலும், மடுவில் பிடித்து வந்த ஊர் நாயாக இருந்தாலும் இதே கதை நடக்கும். தையலின் எண்ணிக்கைதான் மாறும். உங்கள் குட்டியும் இப்போது அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

தடைச் சட்டங்கள் என்ன செய்தன? பிரித்தானியா 1991இல் நான்கு வகைகளைத் தடைசெய்தது: பிற்புல் ரெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்ரினோ, பிலா பிரசிலேரோ. சட்டம் நாயின் பத்திரத்தையோ பெற்றோரையோ பார்ப்பதில்லை, உடல் அளவையும் தோற்றத்தையும் பார்க்கிறது. பிற்புல் போகப் பின்னாளில் அதன் இடத்துக்கு வந்தது அமெரிக்கன் எக்ஸ்எல் புல்லி, பிற்புல்லை விடப் பாரமான நாய். கடந்த சில ஆண்டுகளில் அங்கே நடந்த மரணங்களில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பெப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஆண் நாய் தோளில் 51 சென்ரிமீற்றரோ கூடவோ, பெண் 48 அல்லது கூட என்று அளவுநாடாவோடு நிற்கிறார்கள். நெதர்லாந்து பிற்புல் தடையைப் பதினைந்து ஆண்டளவு வைத்திருந்துவிட்டு, கடி குறையவில்லையென்று 2008இல் கைவிட்டது. இந்தியாவில் மத்திய அரசின் கால்நடைத் துறை 2024 மார்ச்சில் 23 இனங்களை வளர்க்கவும் விற்கவும் கூடாதென்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. பட்டியலில் இல்லாத பெரிய நாய் எப்போதும் ஒன்று இருக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘றொட்வைலர்’ என்று விற்கப்படுவதில், நாயின் பரம்பரையைப் பதியும் கெனல் சங்கத்தின் பத்திரம் உள்ளது எத்தனை? கறுப்பு உடம்பும் கண்ணுக்கு மேலே இரண்டு மண்ணிறப் பொட்டும் இருந்தால் பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தப் பொட்டு ஊர் நாய்க்கும் விழும். தோற்றத்தை வைத்து இனம் சொல்வதில் மிருக வைத்தியர்களே பிழைவிடுகிறார்கள். சங்கச் செயலாளர் எப்படி முடிவு சொல்வார்?

அதோடு, தடை நிறைவேறினால் அந்த நாய்கள் எங்கே போகும்? இரவில் லான்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஓரக் காட்டிலோ குளக்கட்டிலோ இறக்கிவிடுவார்கள். ஊர் நாய்க் கூட்டத்தோடு சேர்ந்து கன்று துரத்தும். மிச்சம் காட்டுப் பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து வாய் சிதறிச் சாகும்.

கூட்டத்தில் எதிர்த்துக் கத்தாதீர்கள். கடிபட்ட பிள்ளையின் தகப்பனும் அங்கே இருப்பார், உங்களிடம் றொட்வைலர் இருப்பதும் அவருக்குத் தெரியும். இனப் பெயர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயலை எழுதும்படி கேளுங்கள். ஊரில் உள்ள எல்லா நாய்க்கும், கறுவல், வெள்ளையன் எல்லாவற்றுக்கும், வருடாந்த விசர்நாய் ஊசி, அட்டை, கழுத்தில் பட்டி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு ஊரிலேயே ஒரு நாள் ஊசி முகாம் வைக்கலாம், அது இலவசம். நாய்ப் பதிவு பிரதேச சபையின் வேலை. 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது, நடைமுறையில்தான் இல்லை. சங்கத்துக்கு ஒரு இனத்தைத் தடைசெய்யும் சட்ட அதிகாரம் கிடையாது என்பதையும் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

25 கிலோவுக்கு மேற்பட்ட எந்த நாயும் படலைக்கு வெளியே வந்தால் வளர்ந்த ஒருவரின் கையில் கயிற்றோடுதான் வரவேண்டும் என்று ஒரு விதி போடலாம். நிறையைத் தராசு சொல்லும், அதில் சண்டைக்கு இடமில்லை. மிக முக்கியம் முதல் எச்சரிக்கையைப் பதிவது. பெரிய கடி அநேகமாக முதல் சம்பவமாக இருப்பதில்லை. அதற்கு முன் சைக்கிளைத் துரத்தியிருக்கும், ஆரோ ஒருவரின் சாரத்தைக் கிழித்திருக்கும், தோலில் பல் படாமல் ஒரு தடவை கவ்வியிருக்கும். இவை ஒரு கொப்பியில் திகதியோடு ஏறவேண்டும். இரண்டாவது தடவை ஏறினால் அந்த வீட்டுக்காரர் கூடு அடிக்கவேண்டும், வெளியே கொண்டுவந்தால் வாய்க்கூடு போடவேண்டும். வாய்க்கூடு என்றால் வாயைச் சுற்றி இறுக்கும் துணிப்பட்டி அல்ல. எங்கள் வெயிலில் நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூடு ஆறும், துணிப்பட்டி போட்டால் அரை மணித்தியாலத்தில் விழுந்துவிடும். கம்பியாலோ பிளாஸ்ரிக்காலோ செய்த கூடை வடிவம் வேண்டும், நாய் வாய் திறந்து தண்ணீர் குடிக்கக்கூடிய அளவு.

கடித்த நாயின் சொந்தக்காரர் அந்தப் பிள்ளையின் போக்குவரத்து, மருந்துச் செலவை ஏற்கவேண்டும். இதைத் தீர்மானத்தில் முதலாவதாகப் போட்டால் மிச்சத்துக்குக் கை தூக்குவார்கள்.

உங்கள் குட்டிக்கு வருவோம். நாய்க்குட்டிக்கு மனிதரையும் மற்ற நாய்களையும் சத்தங்களையும் ஏற்கப் பழகும் காலம் மூன்றாவது கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு கிழமை வரை. உங்கள் குட்டி அதைத் தாண்டிவிட்டது. எட்டுக் கிழமைக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்துப் பெட்டிக்குள் வைத்து பஸ் ஏற்றியிருந்தால் இன்னொரு குறையும் இருக்கும். கூடப் பிறந்தவை ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் நோகும் என்று குட்டி படிக்கிறது. அந்தப் பாடத்தை இனி நீங்கள் நடத்தவேண்டும். விளையாட்டில் பல் அழுந்தினால் கத்தாமல், அடிக்காமல், எழுந்து அரை நிமிடம் திரும்பி நில்லுங்கள். பிறகு தொடருங்கள். ஒவ்வொரு தடவையும், வீட்டில் எல்லோரும். ஒருவர் சிரித்துக்கொண்டு கையைக் கொடுத்தால் பாடம் கெட்டுவிடும்.

முதல் வேலை அந்த மாமரத்திலிருந்து அவிழ்ப்பது. வீட்டுக்குப் பின்னால், றோட்டுத் தெரியாத பக்கம், வேம்போ மாவோ நிழல் உள்ள இடத்தில் 10 அடிக்கு 12 அடி கூடு அடியுங்கள். உயரம் 6 அடி. முள்ளுக்கம்பி வேண்டாம், கண்ணும் காதும் கிழியும். கொழுவிப் பின்னிய வலைக்கம்பியைக் குழாயில் கட்டி, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் புதைத்துக் கொங்கிறீற் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தோண்டி வெளியே வரும். தகரக் கூரை போட்டால் மேலே கிடுகு பரப்புங்கள். வெறும் தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் கறுப்பு நாய் வெந்துபோகும், வெக்கையில் அவிந்த நாய்க்குப் பொறுமை இருக்காது. கதவு உட்பக்கம் திறக்கவேண்டும், அப்போதுதான் நாய் மோதினால் கதவு இன்னும் இறுகும். கொளுக்கிக்கு மேலே ஒரு பூட்டுக் கொழுக்கியும் போடுங்கள். உங்கள் வளவின் படலைக்கும் இதே கொழுக்கி வேண்டும். முள்ளுக்கம்பி வேலி மாட்டுக்குக் கட்டியது, நாய் அதன் இடையால் வரும். ஆகவே கூட்டுக்கு வெளியே விடும் நேரமெல்லாம் வளர்ந்தவர் ஒருவர் கூட நிற்கவேண்டும்.

கூட்டில் நாள் முழுக்கப் பூட்டி வைத்தால் அது வேறு சங்கிலி, அவ்வளவுதான். காலை ஆறரைக்கு முன் அரை மணித்தியாலம், பின்னேரம் ஆறுக்குப் பின் அரை மணித்தியாலம் கயிற்றில் நடத்துங்கள். சைக்கிள், மாட்டு மந்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவற்றைத் தூரத்திலிருந்து பார்க்க விட்டு, குரைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றால் உடனே ஒரு கருவாட்டுத் துண்டு. குரைத்தால் அடிக்க வேண்டாம், தூரம் போதாது என்று அர்த்தம், இன்னும் பத்து யார் பின்னுக்குப் போங்கள்.

சாப்பாட்டுக் கிண்ணம் பெரிய விடயம். குட்டி தின்னும்போது கிண்ணத்தைப் பறித்துப் ‘பழக்குவது’ எங்கள் ஊர் முறை. அது பழக்குவதில்லை, காவல் காக்கச் சொல்லிக்கொடுக்கிறது. மாறாக, அது தின்னும்போது நீங்கள் நடந்துபோய் ஒரு ஈரல் துண்டைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு அப்பால் போங்கள். ஒரு கிழமையில் உங்களைக் கண்டால் தலையைத் தூக்கி வாலாட்டும். இதை நீங்களும் மனைவியும் செய்யலாம். மகள் வேண்டாம்.

உறுமலுக்கு அடிக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், குறிப்பாக அம்மாவுக்கு, விளக்குமாறு அவர் கையில் இருப்பதால். எலும்போடு படுத்திருக்கும் நாய்க்குக் கிட்ட ஒரு பிள்ளை போகும்போது நடப்பதைக் கவனியுங்கள். முதலில் கடைவாய் நிற்கும், மெல்லுவது நிற்கும். வாய் மூடும். தலை எலும்புக்கு மேலே தாழும், உடம்பு விறைக்கும். பிள்ளையை முகம் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கும், அப்போது கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். வால் ஆடலாம், உயரமாக, விறைத்து, நுனி மட்டும் துடிக்கும். அதை நட்பென்று நினைப்பவர்கள்தான் கடிபடுகிறார்கள். இதற்கும் பிறகுதான் உறுமல், பிறகு காற்றில் கடி, பிறகு கடி. உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விடும், கடிப்பதை விடாது. ‘ஒரு சத்தமும் போடாமல் கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் நாய்களில் பல, உறுமி அடிவாங்கிய நாய்கள்.

நலமடிப்பது பற்றி மிருக வைத்தியரோடு கதையுங்கள், ஆனால் இப்போதே அல்ல. றொட்வைலரில் ஒரு வயதுக்கு முன் நலமடித்தவற்றுக்கு எலும்புப் புற்றுநோய் கூடுதலாக வந்ததை 2002இல் வந்த ஆய்வு காட்டியது. ஒன்று, ஒன்றரை வயது தாண்டட்டும். நலமடித்தால் அலைவதும் ஆண் நாய்களோடு மல்லுக்கட்டுவதும் குறையும். பயத்தால் கடிக்கும் நாயை அது திருத்தாது. அந்த ஒன்றரை வயதிலேயே காவல் குணமும் முழுதாக எழும்பும் என்பதால், ‘இவ்வளவு நாளும் பூனைக்குட்டி மாதிரி இருந்ததே’ என்று அப்போது ஆச்சரியப்படாதீர்கள். வளர்ந்த நாய் திடீரென்று குணம் மாறினால் முதலில் காதுக்குள் புண், விரலிடுக்கில் உண்ணி, இடுப்பு மூட்டு நோவு இவற்றைப் பார்க்கவேண்டும். றொட்வைலருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி வரும். குட்டியைக் கொழுக்க வைப்பதும், கல்சியக் குளிசை கொடுப்பதும் அதைக் கூட்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவில் வைத்திருங்கள்.

கொடுத்துவிடவா என்று கேட்டீர்கள். கள்ளனுக்காக என்றால் இந்த நாய் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆளரவம் கேட்டால் குரைக்க ஊசி போட்ட இரண்டு ஊர் நாய் போதும், கள்ளன் நாயின் பத்திரத்தைக் கேட்பதில்லை. பன்றிக்காக என்றாலும் இது உதவாது, கொம்புப் பன்றியோடு மோதினால் வயிறு கிழிந்துதான் திரும்பும். நீங்கள் வயலில் நிற்கும் நேரத்தில் 50 கிலோ நாயைக் கயிற்றில் பிடிக்கக்கூடிய ஆள் வீட்டில் இல்லை. அம்மாவாலும் முடியாது, மனைவியாலும் கஷ்டம். கூடு எழும்பி, நாளுக்கு இரண்டு நேரமும் நீங்களே நடத்தி, மகளும் நாயும் தனித்து ஒரு நிமிடமும் நில்லாமல் பார்க்க முடிந்தால் வைத்திருக்கலாம். முடியுமென்று இப்போது தோன்றும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் முடியுமா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த மாத முடிவுக்குள் கூடு எழும்பாவிட்டால் மச்சானுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகள் இல்லாத, சுற்றுமதில் உள்ள, முன்பு பெரிய நாய் வளர்த்துப் பழகிய வீட்டுக்குக் கொடுங்கள். மாட்டுப் பட்டிக்கோ தோட்டக் காவலுக்கோ கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்காதீர்கள், அங்கே இன்னொரு மரமும் இன்னொரு சங்கிலியும்தான் இருக்கும். ஊசி அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டி, முப்பது கிலோவும் தாண்டினால் நல்ல வீடு கிடைப்பது கடினம்.